பாரிஸ் ராணுவ அருங்காட்சியகம்: 18-ஆம் நூற்றாண்டுப் பிரபு அதிகாரிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

பாரிஸ் அன்வாலீத் வளாகத்துக்குள் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நெப்போலியனின் கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பொன் பூசிய குவிமாடம், அதன் கீழே செந்நிறக் கல் பேழை, இரண்டு புகைப்படங்கள், அடுத்து ஈஃபில் கோபுரம். அதே நுழைவுச்சீட்டில் கிழக்குப் பிரிவின் மாடிகளுக்கும் போகலாம். 14-ஆம் லூயி முதல் 3-ஆம் நெப்போலியன் வரையிலான காலத்துக்கு ஒதுக்கப்பட்ட காட்சிக்கூடங்கள் அங்கே இருக்கின்றன. 1789 புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சுப் படையையும், அதை நடத்திய உயர்குடி அதிகாரிகளையும் அறிய விரும்புகிறவர்களுக்கு உலகிலேயே சிறந்த இடங்களில் அது ஒன்று. இந்த மதிப்புரை அந்தப் பகுதியை மட்டும் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருட்களின் தரத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு அதிகாரியை உருவாக்கியவை பெரும்பாலும் இரண்டு காகிதங்கள்: வம்சாவளிச் சான்றிதழ் ஒன்று, பணம் கொடுத்த ரசீது ஒன்று. வாள்களையும் கோட்டுகளையும் கண்ணாடிப் பேழைக்குள் அழகாக வைக்கலாம். கடன் பத்திரத்தை வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எந்த ராணுவ அருங்காட்சியகத்துக்கும் உள்ள இயல்பான குறை இது. ஆகவே பணக்கதையையும் வம்சக்கதையையும் தெரிந்துகொண்டு உள்ளே போனால்தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கும். தெரியாமல் போனால் வரிசை வரிசையாக வெள்ளைக் கோட்டுகள், அவ்வளவுதான்.

போகும் வழி எளிது. மெட்ரோ 8-ஆம் தடத்தில் லா தூர்-மோபூர், 13-ஆம் தடத்தில் வரென், இரண்டும் பக்கத்தில்தான். வடக்கே ஆற்றைப் பார்த்த பக்கம் 129, ரூ த கிரெனெல் வாசல். தெற்கே வோபான் சதுக்கத்துப் பக்கம் இன்னொரு வாசல். தெற்கு வாசலில் நுழைந்தால் நேராகக் குவிமாடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்; கூட்டமும் அங்கேதான். நம் நோக்கத்துக்கு வடக்கு வாசல்தான் சரி. அகழியைத் தாண்டி, பீரங்கிகளைக் கடந்து, பெரிய முற்றத்துக்குள் போய், இடது பக்கம் திரும்பினால் கிழக்குப் பிரிவு. கட்டணம் 20 யூரோவுக்குள் முடிந்துவிடும், 18 வயதுக்குக் கீழே இலவசம், பாரிஸ் மியூசியம் பாஸ் செல்லும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 விடுமுறை. புதுப்பிப்புப் பணிகளுக்காக மண்டபங்களை அவ்வப்போது மூடுவதுண்டு. எனவே கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் தளத்தில் எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். முக்கியமாக இந்தப் பகுதிக்கென்றே போகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

மாடியேறும் முன் முற்றத்தில் அரை மணி நேரம் நிற்பது நல்லது. இந்தக் கட்டடமே நாம் தேடிவந்த விஷயத்தின் முதல் காட்சிப்பொருள். 1670-இல் 14-ஆம் லூயி ஆணையிட்டு, லிபெரால் புருவான் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1674-இல் ஊனமுற்ற வீரர்கள் குடியேறத் தொடங்கிய இல்லம் இது. அந்த இல்லத்துக்குள்ளும் அதிகாரிக்கு ஒரு வாழ்க்கை, சிப்பாய்க்கு ஒரு வாழ்க்கை. சிப்பாய்கள் பெரிய உணவுக்கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிகாரிகளுக்குத் தனி மேசை, மேலான சாப்பாடு, வசதியான அறை. தேவாலயத்திலும் அப்படியே. வீரர்களுக்கான கோயில் வடக்கே, மன்னர் நுழைவதற்கான குவிமாடம் தெற்கே. போர்க்களத்தில் ஒன்றாகக் காயம்பட்டவர்கள் ஒன்றாகச் சாப்பிடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மாடியில் இருப்பவை தானாகவே புரியத் தொடங்கும். 1789 ஜூலை 14 காலையில் பாரிஸ் மக்கள் இதே கட்டடத்துக்குள் புகுந்து சுமார் 30,000 துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு, வெடிமருந்து தேடித்தான் பாஸ்தீல் சிறைக்கோட்டைக்குப் போனார்கள். அப்போது இங்கே ஆளுநராக இருந்த சோம்பிரெய் மார்க்கி, பழைய பிரபு அதிகாரி வகுப்பைச் சேர்ந்தவர்தான்.

முற்றத்து வெண்கலப் பீரங்கிகளையும் கடந்து போய்விட வேண்டாம். பழைய பீரங்கிகளின் மேல் பூவேலை, அரச முத்திரை, கைப்பிடிகளாக வார்த்த டால்பின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் என்று அலங்காரம் நிறைந்திருக்கும். 1732-இல் பீரங்கிப்படை அதிகாரி வலியேர் கொண்டுவந்த முறைப்படி, சுடும் குண்டின் எடையைக் கொண்டு 4, 8, 12, 16, 24 பவுண்டு என ஐந்தே அளவுகள். ஆனால் குழாய் நீளம், எடை அதிகம். 1765-இல் இன்னொரு பீரங்கிப்படை அதிகாரி கிரிபோவால் கொண்டுவந்த முறையில் களத்துக்கென்று தனியாக 4, 8, 12 பவுண்டுப் பீரங்கிகள். குழாயைக் குட்டையாக்கி, எடையைக் குறைத்து, பெரும்பாலான அலங்காரத்தை நீக்கிவிட்டார்கள். இந்த மாற்றம் அதிகாரிகளின் கதையோடு நேரடியாகத் தொடர்புள்ளது. பீரங்கிப்படையிலும் பொறியியல் படையிலும் கணக்குத் தெரியாமல் காலம் தள்ள முடியாது. தேர்வு எழுத வேண்டும். அதனால் பெரும் பிரபுக்கள் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. சிறு பிரபுக்களும், புதிதாகப் பிரபுப் பட்டம் பெற்ற குடும்பங்களும், நடுத்தர வகுப்பினரும்தான் அங்கே நிறைந்தார்கள். கிரிபோவாலே அப்படிப்பட்ட நீதித்துறைக் குடும்பத்திலிருந்து வந்தவர். பின்னால் நெப்போலியன் ஏன் பீரங்கிப்படை அதிகாரியாக வந்தார் என்ற கேள்விக்கும் விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கும்.

இனி மாடி. முதலில் கோட்டுகளின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக் காலாட்படைக்குச் சாம்பல் கலந்த வெள்ளை. பிரெஞ்சு மன்னருக்காகப் போரிட்ட சுவிஸ், ஐரிஷ் ரெஜிமென்ட்டுகளுக்கு, அதாவது படைப்பிரிவுகளுக்கு, சிவப்பு. ஜெர்மன் ரெஜிமென்ட்டுகளுக்கு நீலம். மன்னரின் பிரெஞ்சுக் காவற்படைக்கு நீலத்தில் சிவப்புப் பட்டை. எந்த ரெஜிமென்ட் என்பதைக் காலர், கைமடிப்பு, மார்புப் பட்டையின் நிறமும் பொத்தானின் உலோகமும் சொல்லும். பொத்தான் மஞ்சள் என்றால் அதிகாரியின் தோள்சின்னம் தங்க இழை. வெள்ளை என்றால் வெள்ளி இழை. துணிகள் வெளுத்துவிடாமல் இருக்க விளக்கை மிகவும் மங்கலாக வைத்திருப்பார்கள், அது சரியான நடைமுறைதான். அதனால் நிற வேறுபாட்டைப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு நிமிடம் அவகாசம் கொடுக்க வேண்டும். படமெடுக்கிறவர்கள் பேழைக் கண்ணாடிக்கு நேராக நின்றால் எதிரொளிதான் விழும். சற்றுச் சாய்ந்து, கண்ணாடியை ஒட்டி எடுத்தால் பொத்தானின் எண்கூடத் தெரியும்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் கோட்டுகள். சிப்பாயின் கோட்டு மன்னரின் சொத்து. கிழியும்வரை உடுத்தி, பிறகு வெட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். அதிகாரியின் கோட்டு அவர் சொந்தக் காசில், நல்ல கம்பளியில் தைத்தது. குடும்பம் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தது. எனவே எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் படையில் பாதிப் பேர் அதிகாரிகள் என்று தோன்றும். அது பொருட்கள் பிழைத்த விதத்தால் வரும் மயக்கம்.

தோள்சின்னத்தைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1750-களின் கடைசி வரை கேப்டனுக்கும் கர்னலுக்கும் சீருடையில் தெளிவான அடையாள வேறுபாடு கிடையாது. துணியின் விலையும் சரிகையின் கனமும்தான் வேறுபாடு. அதாவது, யார் பணக்காரர் என்று தெரியும். யார் மேலதிகாரி என்று தெரியாது. 1759-இல் போர் அமைச்சர் பெல்-இல் தோள்சின்ன முறையைக் கொண்டுவந்தார், 1762-இல் அடுத்த போர் அமைச்சர் ஷ்வாஸல் காலத்தில் அது ஒழுங்குபடுத்தப்பட்டது. சுருக்கமாக இப்படி: இரண்டு தோளிலும் தடித்த முறுக்குக் குஞ்சம் என்றால் கர்னல். அதே தடித்த குஞ்சம் இடது தோளில் மட்டும் என்றால் லெப்டினன்ட் கர்னல். இரண்டு தோளிலும் மெல்லிய குஞ்சம் என்றால் மேஜர். இடது தோளில் மட்டும் மெல்லிய குஞ்சம் என்றால் கேப்டன். பட்டையின் நெசவிலேயே நிறப் பட்டு நூல் கலந்திருந்தால் லெப்டினன்ட் அல்லது அதற்கும் கீழே. இந்த ஐந்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேழைகளைச் சுற்றினால் குறிப்புப் பலகையைப் படிக்காமலே முக்கால்வாசி அடையாளம் சொல்லிவிடலாம். பழமையான குலத்துப் பிரபுக்களுக்கு இந்தச் சின்னம் பிடிக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. பரம்பரையாலும் செல்வத்தாலும் தெரிந்துகொண்டிருந்த பெருமையை, மன்னர் கொடுக்கும் ஒரு சரிகைத் துண்டு ஓரம்கட்டிவிட்டது.

கழுத்துத் தகடு பிறை வடிவில் இருக்கும்: பொன் பூசிய பித்தளை, நடுவில் வெள்ளியில் அரச முத்திரை. காலாட்படை அதிகாரி பணியில் இருக்கும்போது மட்டும் அணிந்துகொள்வது. பழைய கவசத்தில் மிஞ்சிய ஒரே துண்டு இதுதான். காலம் தெரிய வேண்டுமானால் முத்திரையைப் பாருங்கள். மூன்று லில்லிப் பூக்கள் இருந்தால் மன்னராட்சிக் காலம். ஆனால் 1814-க்குப் பிறகு மன்னர்கள் திரும்பி வந்தபோதும் லில்லி திரும்பி வந்தது. அதனால் லில்லியைப் பார்த்தவுடன் 18-ஆம் நூற்றாண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது; பலகையில் ஆண்டைப் பார்க்க வேண்டும். குட்டை ஈட்டி நூற்றாண்டின் முதல் பாதியில் அதிகாரியின் ஆயுதம். அதைக் கொண்டு எதிரியைக் குத்துவதைவிட வரிசையை நேராக்குவதும் துப்பாக்கிக் குழல்களை மேலே கீழே தட்டிச் சரிசெய்வதும்தான் அதிகம். சிப்பாயின் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1777 மாதிரித் துப்பாக்கி 17.5 மி.மீ. குழல்வாய் கொண்டது, ஷார்ல்வில், சேன்-தெத்தியென், மொபேழ் ஆகிய அரசத் தொழிற்சாலைகளில் செய்தது. அது சுடுவதற்கு, ஈட்டி நடத்துவதற்கு. வாள்களில் அல்சாஸின் கிளிங்கன்தால் தொழிற்சாலை முத்திரையைத் தேடுங்கள். 1730-இல் தொடங்கிய அந்தப் பட்டறை வருவதற்கு முன் நல்ல வாள் அலகுகளுக்கு ஜெர்மனியைத்தான் நம்பியிருந்தார்கள்.

இந்தப் பகுதியில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது, மன்னர் அதிகாரிகளுக்குக் கொடுத்த விருதான சேன்-லூயி (புனித லூயி) சிலுவைக்குத்தான். சிறிய பொருள், வாள்களுக்கும் கொடிகளுக்கும் நடுவில் கண்ணில் படாமல் போய்விடும். எட்டு முனைகள், வெள்ளை எனாமல், கைகளுக்கு இடையே பொன் லில்லிகள், நடுவில் கவசமணிந்த புனித லூயி. பின்பக்கம் வெற்றி மாலைக்குள் நுழைந்த வாளும், போர்த் திறமைக்கான பரிசு என்று பொருள்படும் லத்தீன் வாசகமும். சிவப்பு ரிப்பன். 1693-இல் 14-ஆம் லூயி நிறுவினார். இதன் விதியில் பெரிய புதுமை இருந்தது: பிரபு வம்சச் சான்று கேட்கவில்லை. கத்தோலிக்க மதமும் அதிகாரியாகச் சேவை செய்த ஆண்டுகளுமே தகுதி. ஆணையில் பத்து ஆண்டு என்று இருந்தாலும், நடைமுறையில் சாதாரணக் கேப்டன் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. புரட்டஸ்டன்ட் அதிகாரிகள், குறிப்பாகச் சுவிஸ், ஜெர்மன் ரெஜிமென்ட்டுகளில் இருந்தவர்கள், இதைப் பெற முடியாது. அவர்களுக்காக 1759-இல் ராணுவத் தகுதி விருது என்று தனியாக ஒன்று வந்தது. வடிவம் ஏறக்குறைய அதே சிலுவை, ஆனால் நடுவில் புனிதர் இல்லை, நிமிர்ந்த வாள் மட்டும், ரிப்பன் நீலம். இரண்டையும் பார்க்க வாய்த்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். மதம் குறுக்கே நின்றாலும் நல்ல அதிகாரியை இழக்க மன்னர் விரும்பவில்லை என்பதை அந்த நீல ரிப்பன் சொல்லுகிறது. புரட்சியின்போது, 1793-இல், சேன்-லூயி சிலுவைகளை ஒப்படைக்கச் சொல்லி ஆணை வந்தது. வைத்திருந்தவர்கள் சந்தேகத்துக்கு ஆளானார்கள். ஆகவே பல தொகுப்புகளில் காணக் கிடைப்பவை 1814-க்குப் பிறகு செய்தவை. இங்கேயும் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது பேழைக்குள் வைக்க முடியாத கதைக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரெஜிமென்ட்டும், அதன் உட்பிரிவான கம்பெனியும் கைமாறும் சொத்து. ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டின் கர்னல் பதவி, அதன் பழமையையும் பெருமையையும் பொறுத்துச் சுமார் 25,000 முதல் 75,000 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) வரை போனது. மாகாணத்துச் சிறு பிரபு ஒருவரின் ஆண்டு வருமானம் சில ஆயிரம் லீவ்ரைத் தாண்டாது. கணக்கைப் பார்த்தாலே தெரியும், கர்னல் பதவி அவருக்கு எட்டாத உயரம். அவர் 15, 16 வயதில் அதிகாரிகளின் கீழ்ப்படியான சப்-லெப்டினன்ட்டாக நுழைவார். 35, 40 வயதில் கேப்டன். பிறகு சிலுவை, சிறிய ஓய்வூதியம், கிராமத்து வீடு. வெர்சாய் அரண்மனையில் ஆள் இருக்கும் குடும்பத்துப் பையன் 23 வயதில் கர்னலாகிவிடுவார். அதற்கும் குறைந்த வயதில் பதவி வாங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். வயது வரம்பு விதித்ததே அதனால்தான். அந்தப் பையன் கோடையில் சில மாதங்கள் வந்து ரெஜிமென்ட்டைப் பார்த்துவிட்டுப் போவார். உண்மையில் படையை நடத்தியவர்கள் லெப்டினன்ட் கர்னலும் மேஜரும். அந்த இரண்டு பதவிகளும் விற்பனைக்கு இல்லை. பழுத்த மாகாணப் பிரபுக்களின் கையில் இருந்தன. மேஜரின் தோள்சின்னத்தைப் பேழையில் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு தோளிலும் மெல்லிய குஞ்சம், ஆனால் ரெஜிமென்ட்டின் பயிற்சிச் சுமை முழுவதும் அந்தத் தோள்களில்தான்.

கேப்டனின் நிலை இன்னும் சிக்கலானது. 1762 வரை கம்பெனி அவருடைய நிர்வாகத்தில் இயங்கியது. ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. சேருகிறவருக்குக் கொடுக்கும் பணமும் அவர் கையிலிருந்து. ஒரு சிப்பாய் ஓடிப்போனால், நோயில் இறந்தால், மாற்று ஆளைத் தேடும் செலவும் அவருடையதே. நல்ல ஆண்டில் கொஞ்சம் மிஞ்சும். போர் ஆண்டில் கடன். எண்ணிக்கை குறைந்த கம்பெனியை முழுதாகக் காட்ட, பார்வையிடும் நாளில் மட்டும் கூலிக்கு ஆளைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவது பழைய மோசடி. கடும் தண்டனை இருந்தும் நிற்கவில்லை. ஆளை இழந்தால் பணத்தை இழக்கிறோம் என்ற நிலையில் ஒரு கேப்டன் துணிந்து சண்டையிடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். 1757 நவம்பர் 5 அன்று ரோஸ்பாக்கில் பிரஷ்யாவின் 2-ஆம் ஃபிரெடெரிக்கிடம் வாங்கிய அடிக்குப் பிறகு இந்த முறையைத் தொடர முடியவில்லை. 1762 டிசம்பரில் ஷ்வாஸல் ஆள்சேர்ப்பை மன்னரின் பொறுப்புக்குக் கொண்டுவந்து, ரெஜிமென்ட் கணக்குக்குத் தனிப் பொருளாளரை வைத்தார். 1776-இல் போர் அமைச்சர் சேன்-ஜெர்மேன் பதவி விற்பனையையே மெல்ல ஒழிக்க வழி செய்தார்: ஒவ்வொரு முறை பதவி கைமாறும்போதும் விலையில் நான்கில் ஒரு பங்கு கழியும், நான்கு கைமாற்றத்தில் விலை பூஜ்யம். வாங்கியவர்களின் பணத்தை ஒரே நாளில் பறிக்காமல் விற்பனையை நிறுத்தும் நேர்த்தியான ஏற்பாடு. ஆனாலும் ரெஜிமென்ட்டுகளுக்குள் வேறொரு வழக்கம் தொடர்ந்தது: மூத்த அதிகாரி சீக்கிரம் ஓய்வு பெற்று இடம் விட்டால், கீழே இருப்பவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவருக்குக் கொடுப்பார்கள். தடை விதித்தும் அது ஓயவில்லை.

இரண்டாவது காகிதம் வம்சாவளிச் சான்று. 1750 நவம்பர் ஆணை ஒரு கதவைத் திறந்தது: தளபதி நிலைக்கு உயர்ந்த பிரபு அல்லாதவர் பரம்பரைப் பிரபுத்துவம் பெறலாம்; மூன்று தலைமுறை அதிகாரிகளாக இருந்து சேன்-லூயி சிலுவை பெற்ற குடும்பமும் பெறலாம். 1781 மே 22-இல் போர் அமைச்சர் ஸெகூர் கொண்டுவந்த ஆணை வேறொரு கதவை மூடியது: காலாட்படையிலும் குதிரைப்படையிலும் நேரடியாகச் சப்-லெப்டினன்ட் ஆக, தந்தை வழியில் நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை மன்னரின் வம்சாவளி அலுவலர் ஷெரேன் சான்றளிக்க வேண்டும். சேன்-லூயி வீரர்களின் மகன்களுக்கு மட்டும் விலக்கு. சாதாரண மக்களை விலக்கவே இந்த ஆணை வந்தது என்று பல இடங்களில் எளிமையாக எழுதுகிறார்கள். அதன் முக்கியக் குறி, பதவிகளை வாங்கிப் புதிதாகப் பிரபுவான பணக்காரக் குடும்பங்கள். அவர்களின் பையன்கள் பணத்தைக் காட்டி, ஆடம்பர மேசை வைத்து, ஏழை மாகாணப் பிரபுவின் மகனைப் பின்னுக்குத் தள்ளினார்கள். சிலுவை வாங்கிய கேப்டனின் மகனுக்கு விலக்கு கொடுத்திருப்பதிலிருந்தே ஆணையின் நோக்கம் தெரிகிறது: படையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களைக் காப்பாற்றுவது. ஆனால் விளைவு நோக்கத்தைத் தாண்டிப் போனது. எட்டே ஆண்டில் புரட்சி வந்தபோது மிகவும் வெறுக்கப்பட்ட சட்டங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. 1791 ஜூனில் மன்னர் தப்பியோட முயன்று கிழக்குப் பிரான்சின் வரென் ஊரில் பிடிபட்ட பிறகு அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டினார்கள். அந்த ஆண்டு முடிவுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

தமிழ் வாசகர்கள் இந்த மண்டபங்களில் கூடுதலாகத் தேட வேண்டியது ஐரிஷ் ரெஜிமென்ட்டுகளின் சிவப்புக் கோட்டுகளை. இந்தியாவில் பிரெஞ்சுப் படையை நடத்திய தாமஸ் ஆர்தர் லாலி அந்த உலகத்திலிருந்து வந்தவர்: அயர்லாந்திலிருந்து வெளியேறிய குடும்பம், தந்தையும் பிரெஞ்சுச் சேவையில் இருந்த அதிகாரி. 1745 மே 11-இல் பிரெஞ்சுப் படை வென்ற ஃபோன்தனுவா போரில் லாலி பெயர் பெற்றார். 1758-இல் புதுச்சேரி வந்து, கடலூர் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து, சென்னையை முற்றுகையிட்டுத் தோற்று, 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவரிடம் நொறுங்கி, 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஒப்படைத்தார். அவருடைய ரெஜிமென்ட்டும் சிவப்பு, எதிரே ஆங்கிலேயரும் சிவப்பு. வந்தவாசியில் ஆங்கிலேயர் கையில் பிடிபட்ட பிரெஞ்சுத் தளபதி புஸி, செஞ்சிக் கோட்டையை 1750-இல் ஓரிரவில் பிடித்த அதே புஸிதான். லாலிக்கு 1766 மே 9-இல் பாரிஸில் தலை துண்டிக்கப்பட்டது. 1778-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அவர் மகன் போராடிப் பெற்றது அது. எழுத்தாளர் வோல்த்தேரும் துணை நின்றார். பிரபு அதிகாரிக்குத் தோல்வியின் விலை என்ன என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று அந்த நூற்றாண்டில் அதிகம் இல்லை.

நான்காம் மாடியில் கோட்டை மாதிரிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதே சீட்டுதான். 1668-இல் 14-ஆம் லூயியின் போர் அமைச்சர் லூவுவா தொடங்கிய சேகரிப்பு. 600-இல் ஒரு பங்கு அளவு. வெளிச்சம் மிகக் குறைவு. வாழ்நாளில் பெரும்பகுதியை எல்லைக் கோட்டைக் காவலில் கழித்த அதிகாரிகளின் உலகம் எப்படிச் சிறியதாக இருந்தது என்பதற்காக இருபது நிமிடம் பார்க்கலாம். கோட்டைக் கட்டுமானத்தில் ஆர்வமுள்ளவர்கள் அரை நாளை இங்கேயே செலவிடுவார்கள்.

வசதிகள் பற்றி: பலகைகளில் பிரெஞ்சுடன் ஆங்கிலமும் பெரும்பாலும் உண்டு, தமிழ் இல்லை. ஒலிவழிகாட்டி எடுப்பதைவிட மேலே சொன்ன ஐந்து தோள்சின்னங்களையும் நான்கு ஆண்டுகளையும் (1693, 1750, 1762, 1781) ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது அதிகம் உதவும். முற்றத்துக்கு அரை மணி, கிழக்கு மாடிகளில் 1789 வரைக்கும் ஒன்றரை மணி, அதற்குப் பிறகு குவிமாடம் என்ற வரிசை நல்லது. குவிமாடத்தை முதலில் பார்த்தால் மாடி ஏறும்போது களைத்துவிடுவீர்கள். காலை பத்து மணிக்குத் திறந்தவுடன் கிழக்கு மாடிகள் ஏறக்குறைய காலியாகவே இருக்கும்.

வெளியே வந்ததும் கால் மணி நேரம் நடந்து எக்கோல் மிலித்தேர் என்ற ராணுவப் பள்ளியையும் பார்த்துவிட வேண்டும். 1751 ஜனவரியில் 500 ஏழைப் பிரபு மகன்களுக்காக நிறுவிய பள்ளி. கட்டடம் கபிரியேல் வடிவமைத்தது. சீட்டாட்டச் சீட்டுகளின் மீதான வரியில் ஒரு பகுதி செலவுக்கு. நுழையவே நான்கு தலைமுறைச் சான்று கேட்டார்கள்; ஸெகூர் ஆணைக்கு முப்பது ஆண்டு முன்னரே. பிரியென் கல்லூரியிலிருந்து 1784-இல் இங்கே வந்த நெப்போலியன், கோர்சிகாவின் ஏழைப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை என்ற தகுதியில்தான் வந்தார். 1785-இல் 58 பேரில் 42-ஆவதாகத் தேறினார். இன்றும் ராணுவக் கல்வி நிறுவனமாக இருப்பதால் உள்ளே விடமாட்டார்கள்; செப்டம்பரில் வரும் பாரம்பரிய நாட்களில் மட்டும் முயன்று பார்க்கலாம். முன்னால் உள்ள ஷான் த மார்ஸ், அந்த மாணவர்களின் பயிற்சித் திடல்.

இந்தப் பகுதித் தெருப் பலகைகளும் கட்டணமில்லாத காட்சிக்கூடம்தான். பள்ளிக்குப் பின்னால் ஃபோன்தனுவா சதுக்கம். அங்கிருந்து அந்தப் போரில் வென்ற மார்ஷலின் பெயரில் சாக்ஸ் அவென்யூ. மேற்கே சூஃப்ரான் அவென்யூ: சதுரங்கப்பட்டினத்திலிருந்து கடலூர் வரை 1782, 1783-இல் ஆங்கிலக் கப்பற்படையோடு மோதிய அதே சூஃப்ரான். கிழக்கே லா பூர்தொனே அவென்யூ, 1746-இல் சென்னையைப் பிடித்தவர் பெயர். அன்வாலீத்தின் தெற்கு வாசலிலிருந்து புறப்படுகிறது ஸெகூர் அவென்யூ. லா தூர்-மோபூர் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ரூ ஷெவெர் என்றொரு சிறிய தெரு வரும், அதையும் தேடிப் போங்கள். வெர்தனில் பிறந்து, அநாதையாக, சிறு வயதிலேயே படையில் சேர்ந்து, பிரபுப் பின்னணி எதுவும் இல்லாமல் 1748-இல் லெப்டினன்ட் ஜெனரலான பிரான்சுவா த ஷெவெர் பெயரில் உள்ள தெரு அது. 1741-இல் பிராக் நகரைப் பிடித்ததில் முன்னணியில் நின்றவர், சேன்-லூயியின் பெருஞ்சிலுவை பெற்றவர். படையின் உச்சமான மார்ஷல் பதவி மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய கல்லறை வாசகம் சேன்-தெஸ்தாஷ் தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே போக மெட்ரோ 4-ஆம் தடத்தில் லேஸால் நிலையத்தில் இறங்க வேண்டும், அனுமதி இலவசம்.